நடுவர் வேறு, மத்தியஸ்தர் வேறு: அண்டை வீட்டுக் கறி வாசனையிலிருந்து அனைத்துலக உடன்படிக்கை வரை

உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்காக ஒரு காணொளி காட்டினேன். வீவக புளோக் ஒன்றின் பொது நடைபாதை. ஒரு வீட்டு வாசலில் செருப்பு அலமாரி, சைக்கிள், செடித்தொட்டி. எதிர்வீட்டு மூதாட்டி சக்கர நாற்காலியில் கடந்து போக முடியாமல் நிற்கிறார். “இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்க்கலாம்?” என்று கேட்டேன். ஒரு பையன் யோசிக்காமலே பதில் சொன்னான்: “ஒரு நடுவரைக் கூப்பிடணும் டீச்சர். அவர் ரெண்டு பேரையும் விசாரிச்சுத் தீர்ப்பு சொல்லிடுவார்.”

மொழி சரளம். கருத்தும் இருக்கிறது. ஆனால் ‘நடுவர்’ என்ற சொல்லும் ‘தீர்ப்பு’ என்ற சொல்லும் அந்த இடத்தில் பொருந்தவில்லை. சிங்கப்பூரில் இப்படிப்பட்ட தகராறு முதலில் போய்ச் சேருவது சமூக மத்தியஸ்த நிலையத்துக்கு. அங்கே யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பையனைத் திருத்தலாம் என்று வாயெடுத்தேன். பிறகு, வகுப்பில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாடு தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் தயாரித்த பயிற்சித்தாள்களிலேயே இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தது அன்று மாலைதான் என் கண்ணில் பட்டது. இந்தக் கட்டுரை அதனால் எழுதப்பட்டது.

குழப்பம் இயல்பானதுதான். பட்டிமன்றத்தில் நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொல்கிறார். கிரிக்கெட்டில் நடுவர் விரலைத் தூக்கினால் ஆட்டக்காரர் வெளியே போக வேண்டும். ‘மத்தியஸ்தர்’ என்ற வடசொல்லுக்கும் ‘நடுவில் நிற்பவர்’ என்றே பொருள். சொற்பொருள் ஒன்றாக இருந்தாலும் வழக்கில் இரண்டும் பிரிந்துவிட்டன. நடுவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு. மத்தியஸ்தருக்கு அது கிடையாது. சண்டை போடுகிற இருவரும் தாங்களே ஒரு முடிவுக்கு வர அவர் துணை நிற்பார், அவ்வளவுதான். ‘சமரசம்’ என்ற சொல்லையும் பலர் பயன்படுத்துகிறார்கள், தவறில்லை. ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு வள்ளலாரின் சன்மார்க்கத்தோடு சேர்ந்த இன்னொரு வாழ்வும் இருப்பதால், தொழிலைக் குறிக்க நான் மத்தியஸ்தத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இடத்துக்கு இடம் வழக்கு மாறுவதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இலங்கையில் ‘மத்தியஸ்த சபை’ என்பது அரசாங்கப் பெயர். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் ‘சமரச மையம்’ என்று பலகை பார்க்கலாம். இலங்கைச் சமாதானப் பேச்சுக் காலத்தில் ஈழத்துச் செய்தித்தாள்கள் நார்வேயை ‘மத்தியஸ்தர்’ என்பதைவிட ‘அனுசரணையாளர்’ என்றே எழுதின. இது அழகான சொல். ஏன் அப்படி எழுதினார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கறிக் குழம்பு விவகாரம்

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் பார்ப்போம். 2011 ஆகஸ்டில் ‘டுடே’ நாளிதழில் ஒரு செய்தி வந்தது. சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பம். பக்கத்து வீட்டில் ஓர் இந்தியக் குடும்பம். கறி சமைக்கும் வாசனை அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியக் குடும்பம் ஏற்கெனவே சமைக்கும்போது கதவு, சன்னலை மூடிவைத்துப் பார்த்தது. போதவில்லை. விவகாரம் சமூக மத்தியஸ்த நிலையத்துக்கு வந்தது. முடிவில், பக்கத்து வீட்டார் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது. பதிலுக்கு, அந்தக் கறியை ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

செய்தி வெளியானதும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு விடப்பட்டது. 50,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொள்வதாகப் பதிவு செய்தார்கள். இந்தியர் மட்டுமல்ல, சீனர், மலாய்க்காரர், யூரேசியர் எல்லாரும். ‘மத்தியஸ்தர் எப்படி இப்படித் தீர்ப்புச் சொல்லலாம்?’ என்பதுதான் பெரும்பாலோரின் கோபம்.

என் மாணவன் சொன்ன அதே சொல். அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள்: அது பல ஆண்டுகளுக்கு முந்திய வழக்கு, அந்த ஏற்பாட்டை மத்தியஸ்தர் விதிக்கவில்லை, இரு குடும்பங்களும் தாங்களே பேசி வந்த முடிவு அது. விளக்கம் வந்த பிறகும் எல்லாருக்கும் மனம் ஆறவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. கறி சமைப்பது தன் வீட்டில், தன் பண்பாடு. அதை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தவர் உண்மையிலேயே மனமுவந்து சம்மதித்தாரா, அல்லது ‘பிரச்சினை வேணாம்’ என்று ஒதுங்கிப் போனாரா? மத்தியஸ்தத்தில் இருவர் கையெழுத்திட்டால் போதும் என்று விட்டுவிட்டால், பலவீனமானவரின் உரிமை மெதுவாகக் கரைந்துபோகும். மத்தியஸ்தம் படித்தவர்களும் மனித உரிமை படித்தவர்களும் உலகம் முழுக்க மோதிக்கொள்வது இந்த ஒரு கேள்வியில்தான்.

என் சொந்தக் கருத்து: அந்த மத்தியஸ்தரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் பொதுமக்களின் கோபத்தையும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கட்டுரைத் தலைப்பாக இதைக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும்.

நிலையம் வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997இல் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. மத்தியஸ்தர்கள் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள். தமிழிலும் பேசலாம். மத்தியஸ்தர் முதலில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்பார். தேவைப்பட்டால் தனித்தனியாகப் பேசுவார். அங்கே சொன்னது வெளியே போகாது. ‘என்ன வேண்டும்’ என்பதை விட ‘ஏன் வேண்டும்’ என்பதைத் தோண்டுவதுதான் அவருடைய திறமை. செருப்பு அலமாரியை எடு என்பது கோரிக்கை. சக்கர நாற்காலி போக மூன்றடி வழி வேண்டும் என்பது தேவை. கோரிக்கையில் மட்டும் நின்றால் யாராவது ஒருவர் தோற்றாக வேண்டும். தேவைக்கு இறங்கிவந்தால் அலமாரியைச் சுவரோரம் திருப்பி வைத்தாலே போதுமானதாக இருக்கலாம்.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. வர விருப்பமில்லாதவரை முன்பு இழுத்துவர முடியாது. மறுதரப்பு வராமலேயே பல புகார்கள் நின்றுபோயின. 2015இல் சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம் வந்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மத்தியஸ்தத்துக்குப் போகுமாறு உத்தரவிட வழிசெய்தது. கவனியுங்கள், நடுவர் ‘மன்றம்’ என்கிறோம். அங்கேதான் தீர்ப்பு.

ரயில் தண்டவாளம் இருந்த பாதை

புக்கிட் பாஞ்சாங் மாணவர்களுக்கு நடுவர் தீர்ப்பை விளக்க அருமையான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. வார இறுதியில் சைக்கிள் ஓட்டப் போகிறார்களே, அந்த ரயில் பசுமைப் பாதை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சுமார் 24 கிலோமீட்டர். மலாயா ரயில்வே வண்டி 2011 ஜூன் 30 வரை இந்த வழியாகத்தான் ஓடியது.

அந்த நிலம் பற்றி 1990இல் மலேசியாவும் சிங்கப்பூரும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பொருள் விளங்கிக்கொள்வதில் இருபது ஆண்டு இழுபறி. 2010இல் தலைவர்கள் பேசி நில மாற்றத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை: தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் ஆகிய மூன்று நிலங்களுக்கும் மேம்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டுமா, வேண்டாமா? அதற்காக நட்புறவைக் கெடுத்துக்கொள்ளாமல், நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் ஏற்பாட்டில் ஒரு நடுவர் குழுவிடம் போனார்கள். எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் ஏற்பதாக முன்கூட்டியே ஒத்துக்கொண்டார்கள். 2014 அக்டோபர் 30 அன்று, கட்டணம் கட்டத் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. அது மலேசியத் தரப்பு வாதத்துக்குச் சாதகம். சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டது. விஷயம் முடிந்தது.

நடுவர் தீர்ப்பின் இயல்பு இது. முடிவு வெளியிலிருந்து வருகிறது, ஆனால் அந்த நடுவரைத் தேர்ந்தெடுத்தது நாமே. பெட்ரா பிராங்கா தீவு விவகாரம் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போய் 2008 மே 23 அன்று தீர்ந்தது. அது நீதிபதிகள் முன் நடந்த வழக்கு. 2018 ஜூன் 12 அன்று செந்தோசாவில் டிரம்ப்பும் கிம்மும் சந்தித்தார்களே, அதில் சிங்கப்பூர் மத்தியஸ்தரும் இல்லை, நடுவரும் இல்லை. இடம் கொடுத்தது. 1993இல் சீனா, தைவான் பிரதிநிதிகளின் வாங்-கூ பேச்சுக்கும், 2015இல் சீ ஜின்பிங், மா யிங்-ஜியோ சந்திப்புக்கும் அப்படியே. நம் ஊர்க் கல்யாணத்தில் மண்டபம் கொடுப்பவர் சம்பந்தம் பேசுகிறவர் ஆகிவிட மாட்டார் அல்லவா? மாணவர்கள் கட்டுரையில் ‘சிங்கப்பூர் சமரசம் செய்து வைத்தது’ என்று எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போடலாம்.

அனுசரணையாளர்

இனி இலங்கை. 2002 பிப்ரவரி 22 அன்று அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. பின்னணியில் இருந்தது நார்வே. செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் முதல் சுற்றுப் பேச்சு. 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனேயில் ஆறாவது சுற்று. நார்வே முடிவெடுக்கவில்லை, திட்டம் திணிக்கவில்லை. மேசையை ஏற்பாடு செய்து, செய்தி கொண்டுபோய்க் கொடுத்து, இருவரையும் உட்கார வைத்தது. அதனால்தான் ‘அனுசரணை’.

போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவில் நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து நாட்டவர்கள் இருந்தார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டுக் கண்காணிப்பாளர்களும் இனி நடுநிலையாளர் அல்லர் என்றார்கள் புலிகள். அந்த மூன்று நாட்டவரும் வெளியேறினார்கள். களத்தில் இருந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. எங்கோ பிரசல்ஸில் எடுத்த முடிவு அவர்களின் நடுநிலைமையைப் பறித்துவிட்டது. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2009 மே மாதம் போர் எப்படி முடிந்தது என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் அந்த நினைவோடு இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வகுப்பில் இதைப் பேசும் ஆசிரியர் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் இதற்குள் இருக்கிறது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் முன்னாள் தலைமைச் செயலாளர் இயன் மார்ட்டின் மனித உரிமை ஆலோசகராக அழைக்கப்பட்டார். பிள்ளைகளைப் படையில் சேர்ப்பது, ஆள் கடத்தல், தடுப்புக் காவல் போன்றவற்றில் இரு தரப்பும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு செயல்திட்டம் வகுக்க முயற்சி நடந்தது. ஹகோனேயில் அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். ஏழாவது சுற்று வரவேயில்லை. திட்டம் தாளோடு நின்றது.

அனுசரணையாளருக்குக் கவலை, இரு தரப்பும் மேசையை விட்டு எழுந்து போய்விடக் கூடாது என்பது. மனித உரிமைக்காரருக்குக் கவலை, நேற்று இரவு கடத்தப்பட்டவரின் பெயரை இன்றே சொல்ல வேண்டும் என்பது. பெயரைச் சொன்னால் ஒருவர் கோபித்து எழுந்து போகலாம். சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் கடத்தப்படலாம். இரண்டு கவலைகளுமே நியாயம். இரண்டு பேரும் முன்கூட்டியே ஒருவரையொருவர் அறிந்து, சேர்ந்து திட்டமிட்டிருந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். நெருக்கடி வந்த பிறகு விசிட்டிங் கார்டு பரிமாறிக்கொள்வதில் பயனில்லை.

இந்த வகைத் தொழிலாளர்கள் நாடு கடந்து ஒன்றுகூடுவது இதற்காகத்தான். ஜெனீவாவில் 1999இல் தொடங்கப்பட்ட மனிதாபிமான உரையாடல் நிலையமும் நார்வே வெளியுறவு அமைச்சும் சேர்ந்து 2003 முதல் ஆஸ்லோ மன்றம் என்ற சந்திப்பை நடத்துகின்றன. மத்தியஸ்தர்கள் மூடிய கதவுக்குள் தங்கள் தோல்விகளைப் பேசிக்கொள்ளும் இடம். அதே நிலையம்தான் ஆச்சேயில் 2002 டிசம்பரில் ஒரு போர்நிறுத்தத்துக்குத் துணை நின்றது. அது சில மாதங்களில் முறிந்தது. 2005 ஆகஸ்டு 15 அன்று ஹெல்சிங்கியில் மார்ட்டி அக்திசாரி முன்னிலையில் உருவான உடன்பாடு நிலைத்தது. நார்வேயும் தன் இலங்கை முயற்சி ஏன் தோற்றது என்று வெளியாரைக் கொண்டு ஆய்வு செய்ய வைத்து, 2011இல் அறிக்கையாக வெளியிட்டது. தோற்ற கதையை அச்சில் போடத் துணிச்சல் வேண்டும்.

சிங்கப்பூர்ப் பெயர் தாங்கிய உடன்படிக்கை

2019 ஆகஸ்டு 7. இரண்டு நாள் கழித்துத் தேசிய தினம். ஷங்ரி-லா ஹோட்டலில் 46 நாடுகள் ஒரே நாளில் கையெழுத்திட்டன. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கை: சிங்கப்பூர் மத்தியஸ்த உடன்படிக்கை. அதை வரைந்த ஐநா பணிக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் சிங்கப்பூரரான நாட்டாலி மோரிஸ்-சர்மா. 2020 செப்டம்பர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது.

இது எதற்கு? ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையில் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் கொழும்பிலிருந்து பட்டை இறக்குமதி செய்கிறார் (அவர்கள் ‘கறுவா’ என்பார்கள்). சரக்குத் தரம் பற்றித் தகராறு. மத்தியஸ்தம் நடந்து, கொழும்பு வியாபாரி இவ்வளவு பணம் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திடுகிறார். பிறகு தரவில்லை. முன்பு என்றால், அந்தத் தாள் வெறும் ஒப்பந்தம். அதை மீறினார் என்று கொழும்பில் புதிதாக வழக்குப் போட வேண்டும். நடுவர் தீர்ப்புக்கு 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை இருந்தது, மத்தியஸ்தத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. இப்போது, இலங்கை 2024இல் உடன்படிக்கையை உறுதிசெய்துவிட்டதால், அந்தத் தாளோடு நேரே அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போகலாம். அதே வியாபாரி சென்னையோடு வியாபாரம் செய்தால் இது பொருந்தாது. இந்தியா முதல் நாளே கையெழுத்திட்டும், இதை எழுதும்வரை உறுதிசெய்யவில்லை. கையெழுத்திடுதல் வேறு, உறுதிசெய்தல் வேறு: பொது அறிவுக் கேள்விக்கு உதவும். குடும்பம், வாரிசுரிமை, வேலை, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள் ஆகிய தகராறுகள் இதில் சேராது. கறிக் குழம்பும் சேராது!

அந்த உடன்படிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விதிவிலக்கு. மத்தியஸ்தர் தமக்குரிய நடத்தை விதிகளைக் கடுமையாக மீறி, அதனால்தான் ஒருவர் கையெழுத்திட்டார் என்று காட்டினால், நீதிமன்றம் அந்த உடன்பாட்டை நிராகரிக்கலாம். அப்படியென்றால் சிங்கப்பூரில் மத்தியஸ்தர் நடந்துகொண்ட விதத்தைக் கொழும்பு நீதிபதி எடைபோட வேண்டி வரும். எது ஒழுங்கு, எது மீறல் என்று இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே புரிதல் இல்லாவிட்டால் நடக்காது. பயிற்சி, சான்றிதழ், நடத்தை விதி இவற்றை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டுச் சரிப்படுத்தும் வேலை இங்கே வருகிறது. கறிக் குடும்பத்தின் கேள்வியும் இங்கே திரும்பி வருகிறது: சம்மதம் உண்மையான சம்மதமா?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் வேலை நிறைய. இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து கேட்கிறார்கள். வழக்கறிஞர் வரக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் சமரச மையம் தொடங்கியது. அதற்கு உழைத்த மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு, 2019இல் அயோத்தி வழக்குக்கு உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் குழுவில் இடம்பெற்றார். அந்த முயற்சி பலிக்கவில்லை, வழக்கு தீர்ப்பில் முடிந்தது. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மூன்று இடத்திலும் தமிழிலேயே இந்த வேலை நடக்கிறது. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு கலைச்சொல் பட்டியல் என் கைக்கு எட்டவில்லை. ஆசிரியர்கள் நாம் கைகொடுக்கக்கூடிய இடம் இது.

தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்குக் கோவூர்கிழாரை நினைவுபடுத்துங்கள். உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டு, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக் கிடந்தபோது பாடிய புறநானூறு 45ஆம் பாட்டில் அவர் யார் பக்கம் நியாயம் என்று சொல்லவே இல்லை. இருவரும் சூடியிருப்பது சோழர்க்குரிய ஆத்தி மாலை, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று காட்டுகிறார். மத்தியஸ்தர் பேச்சு. 46ஆம் பாட்டில் அதே புலவரின் குரல் மாறுகிறது. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முனைந்த கிள்ளிவளவனிடம் அந்தக் குழந்தைகள் எப்படி நிற்கிறார்கள் என்று காட்டிக் கெஞ்சுகிறார். அங்கே நடுநிலைமை இல்லை. குழந்தைகள் பக்கம் நிற்கிறார். 47இல், ஒற்றன் என்று கொல்லப்படவிருந்த இளந்தத்தன் என்ற புலவனுக்காகப் பேசுகிறார். எந்த இடத்தில் நடுவில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் ஒரு பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரே ஆள் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

மறுவாரம் அதே காணொளியைத் திரும்பப் போட்டேன். அந்தப் பையன் இந்த முறை சொன்னது: “முதல்ல மத்தியஸ்தரைக் கூப்பிடலாம் டீச்சர். ஆனா அந்தப் பாட்டி ‘பரவாயில்ல, நான் சுத்திப் போய்க்கிறேன்’னு சொன்னா, உடனே எழுதி வாங்கிடக் கூடாது.”